பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் பிள்ளைகள்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்.

கேள்வி (களுதாவளை): ஐயா, மகனுக்கு 15 வயது. மருந்து அடிக்க விடுவதில்லை. மறுநாள் மிளகாய் பறிக்க மட்டும் வருகிறான். அதிலும் குற்றமா?

பதில்: மருந்து அடிக்கும் மெசினை அவன் தோளில் ஏற்றாதது நல்லது, தம்பி. ஆனால் அடிப்பவர் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். பறிப்பவரோ காலை முழுவதும் அந்த இலைக்குள்தான் கைவிட்டுக்கொண்டிருக்கிறார். பனி ஈரத்தில் சட்டைக்கை ஊறும். அதே கையால் முகம் துடைப்பான், பனிஸ் தின்பான். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தோற்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே அதே மருந்து அவர்களைக் கூடுதலாகத் தாக்கும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் விடவேண்டும் என்பது போத்தல் லேபலிலேயே இருக்கிறது. பழம் விலைபோகுமா என்று பார்க்கிற கண், அந்தச் சிறிய எழுத்தையும் பார்க்கவேண்டும். அந்த நாட்கள் கழியுமுன் யாருமே பறிக்கக்கூடாது.

கேள்வி (வெல்லாவெளி): 16 முடிந்த பிள்ளையைக் கூலிக்கு அனுப்பலாமா?

பதில்: இலங்கைச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது. ஆகவே கதிர் அறுக்கலாம், காய் பறிக்கலாம். மருந்து கலக்கவோ அடிக்கவோ 18 முடியவேண்டும். அது ஆபத்தான தொழில். "கொஞ்ச நேரந்தானே" என்று வயல் சொந்தக்காரரான போடியார் கேட்டாலும் இதே பதில்தான். மீறுகிறவர்களைப் பற்றிச் சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கமான 1929க்கு அறிவிக்கலாம்.

கேள்வி: முகத்தில் ஈரத்துணி கட்டினால் போதாதா?

பதில்: போதாது. நனைந்த துணி மருந்தை உறிஞ்சி மூக்கோடு ஒட்டவைக்கும்.

கேள்வி (அக்கரைப்பற்று): வயலிலிருந்து வந்தவருக்கு வாந்தி, தலைச்சுற்று. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம், மகள். வாந்தி எடுக்க வைத்தால் மருந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போடட்டும். கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கி, எச்சில் வழிந்து, தசை துடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள். லேபலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற சிகிச்சை.

கேள்வி: வெறும் மருந்துக் கலனை நன்றாகக் கழுவி வயல் குடிசையான வாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம்.

பதில்: எத்தனை முறை கழுவினாலும் கூடாது. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிதொட்டியிலேயே ஊற்றிவிட்டு, கலனில் ஓட்டை போடுங்கள். வாவியிலோ வாய்க்காலிலோ அலசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.