ஏஜென்ட் சொல்லும் கேம்பிரிட்ஜ் எது?

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். கேம்பிரிட்ஜில் ஒரு காலேஜில் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கல்லூரிதானா என்று கேட்டால், ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்கிறார். ஒன்றுதானா?

பதில்: இல்லை ஐயா. அந்த ஊரில் போய் இறங்கிய அன்று நானும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியும் கையுமாக டாக்சியில் ஏறி, ‘யுனிவர்சிட்டிக்குப் போங்கள்’ என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘எந்தக் காலேஜ்?’ என்றார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கேட், ஒரு காம்பவுண்டு என்று அங்கே கிடையாது. பல்கலைக்கழகம் ஊர் முழுக்க இறைந்து கிடக்கிறது.

அதில் 31 கல்லூரிகள். 1284இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ்தான் மூத்தது. நம் ராமானுஜன் 1914இல் போய்ச் சேர்ந்த டிரினிட்டியும் இந்த 31இல் ஒன்று. விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கல்லூரி தருவது அறை, சாப்பாடு, அப்புறம் ‘சூப்பர்விஷன்’. எழுதிக் கொடுத்த கட்டுரையையோ போட்ட கணக்கையோ நடுவில் வைத்துக்கொண்டு, ஆசிரியருக்கு எதிரே இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். படிக்காமல் போனால் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்சு கிடையாது. (முதல் வாரமே முற்றத்துப் புல்தரையில் குறுக்கே நடந்து, வாசலைப் பார்த்துக்கொள்ளும் போர்ட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பல கல்லூரிகளில் புல்லை மிதிக்கும் உரிமை ‘ஃபெல்லோ’ எனப்படும் மூத்த கல்லூரி உறுப்பினர்களுக்குத்தான்.)

இனி, அதே ஊரில் இருக்கும் மற்றவை. ஆங்கிலியா ரஸ்கின் தனிப் பல்கலைக்கழகம். பட்டம் அதன் பெயரில்தான் வரும். ஹில்ஸ் ரோடு, லாங் ரோடு என்ற சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ்கள் நம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ போல. பெயரில்தான் காலேஜ், பட்டம் கிடையாது. போதாக்குறைக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் பள்ளிகள், தனியார் காலேஜ்கள். கேம்பிரிட்ஜ் என்பது ஊர்ப் பெயர். அது பலகையில் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்ற பேச்சே எனக்கு இடிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு, சேருவதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15க்குள் யூகாஸ் (பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்துப் போட முடியாது. நேர்காணல் இருக்கும். ஆளை எடுப்பது கல்லூரியில் இருக்கும் ஆசிரியர்கள். நடுவில் ஏஜென்ட் வாங்கித் தர அங்கே எதுவும் இல்லை.

சரி, ஒன்று செய்யுங்கள். கல்லூரியின் முழுப் பெயர், பட்டச் சான்றிதழில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயர், இரண்டையும் அவரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த 31 பெயர்களும் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கின்றன, மகனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். முன்பணப் பேச்சு அதுவரை வேண்டாம்.