மனிதப் பிறவி மேலானது என்று சமயம் சொல்வதைக் கேள்வி கேட்கலாமா?

"மற்ற உயிர்களைவிட மனிதன் உயர்ந்தவன் என்று எல்லாச் சமயமும் சொல்கிறதே, அதை நம்பித்தான் ஆக வேண்டுமா? கேட்டால் வீட்டில் ஏசுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பில் கோயில், விரதம், தேவாரம் என்று வளர்ந்தவன், இப்போதும் கோயிலுக்குப் போகிறவன். ஆனால் இதை நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்காகச் சமயத்தை விடவேண்டிய தேவையும் எனக்கு வரவில்லை.

எங்கள் சமயபாட வகுப்பில் "அரிது அரிது மானிடராதல் அரிது" என்று ஔவையாரைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்குவார்கள். சரி, அரிதுதான். ஆனால் அதே வகுப்பில்தான் சிவபுராணமும் பாடமாக்கினோம். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகி" என்று மாணிக்கவாசகர் சொல்லும்போது, புழுவுக்குள் இருந்ததும் இப்போது எனக்குள் இருப்பதும் ஒரே உயிர் என்றுதானே ஆகிறது? மனிதப் பிறவி அரிது என்பது, பிறவியிலிருந்து விடுபட அதில் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது என்ற கணக்கில் சொன்னது. அதிலிருந்து "மாட்டின் நோவு நோவே இல்லை" என்ற இடத்துக்கு எப்படிப் போனோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பாட்டில் அது இல்லை, நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஆறறிவு என்று சொல்லி வாயடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் "மக்கள் தாமே ஆறறிவு உயிரே" என்று வருவது உண்மை. அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள்: "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே." ஆறாவது அறிவு உள்ளவை வேறும் உண்டு என்று அங்கேயே எழுதியிருக்கிறது, மேடையில் அந்த வரியை யாரும் சொல்வதில்லை.

நூலை விடுங்கள், காகத்தைப் பாருங்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி ஒழுகும், அதன் அடியில் எந்த நாளும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். எங்கிருந்தோ காய்ந்த பாண் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு வரும் காகம், அதை அந்தத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று தலையைச் சரித்துச் சரித்துப் பார்க்கும், ஊறின பிறகுதான் எடுத்துத் தின்னும். வேறொரு காகம் வந்து இறங்கினால் காத்திருக்காது, பாதி ஊறினதையே தூக்கிக்கொண்டு எழும்பிவிடும். இதை வெறும் இயல்பூக்கம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. விரதத்தன்று அந்தக் காகத்துக்கு முதல் பிடி சோற்றை வைத்து, அது தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுகிறோம், பிதிர் என்று நினைக்கிறோம். மற்ற நாட்களில் அதே காகத்தைக் கல்லால் எறிகிறோம். அறிவியல்காரர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு வேண்டிய மூளை அமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதல்ல, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் இருக்கிறது, ஒக்டோபஸுக்கும்கூட என்று அறிவித்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் கத்தோலிக்க நண்பர் ஒருவர் ஆதியாகமம் 1:28ஐக் காட்டுவார், "ஆண்டுகொள்ளுங்கள்" என்று தேவனே சொல்லிவிட்டார் என்று. அடுத்த வசனத்திலேயே மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுவது செடியும் கனியும்தான், இறைச்சிக்கு அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பிறகு 9ஆம் அதிகாரத்தில். மிருகத்தைவிட மனிதன் மேன்மையானவன் அல்ல என்று பிரசங்கி 3:19 நேராகவே சொல்கிறது. குர்ஆன் 6:38இல் நிலத்தில் திரியும் பிராணிகளும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று வருகிறது. ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தினோம் என்ற வசனமும் குர்ஆனில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மேலானவன் என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சொல் அதிகம் என்பதற்காக இளையதை அடிக்கலாம் என்று எந்தத் தாயாவது சொல்வாளா?

இந்த ஊரில் எல்லாருமே ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உயிரைக் கொல்லாதே என்பது பௌத்தத்தின் முதல் சீலம், போயா என்கிற முழுநிலா தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு, மறுநாள் காலையில் திறக்கிறது. 2011இல் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் வேள்வி, அதாவது மிருகபலி, தடுக்கப்பட்டபோது நாடே அதைப் பற்றிக் கதைத்தது. எனக்கும் அந்த வேள்வியில் உடன்பாடில்லை, கடவுள் பெயரில் ஆட்டை வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் கொழும்புச் சாப்பாட்டுக்கடைகளுக்காகத் தினமும் வெட்டப்படுவதும் அதே ஆடுதான், அதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. விலங்குகளைக் கொடுமை செய்வதைத் தடுக்க 1907இல் வந்த சட்டத்தில் தண்டப்பணம் 100 ரூபாய், ஒரு நூற்றாண்டு கடந்தும் அதே 100 ரூபாய்தான் இருந்தது. நான்கு பெரிய சமயங்கள் இருக்கிற நாட்டில் அதைக் கூட்டச் சொல்லி ஒரு சமயமாவது விடாப்பிடியாக நின்றிருக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

வீட்டில் ஏசுகிறார்கள் என்றீர்கள். "சமயம் பிழை" என்று தொடங்காதீர்கள், கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். சைவ வீடு என்றால் சிவபுராணத்தைச் சொல்லிவிட்டு, "நாங்களும் ஒருகாலம் பாம்பாக இருந்தோம் என்றால் இப்போது பாம்பை அடிக்கும்போது அதற்கு நோகாதா அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். கிறிஸ்தவ வீடு என்றால் ஆதியாகமத்தில் அந்த 29ஆம் வசனத்திலிருந்து தொடங்கலாம்.