அடைத்தது யார், எந்த அதிகாரத்தில்?

கேள்வி: ஒருவரை அடைத்துவைப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இம்ப்ரிஸன், இன்கார்சரேட், டீடெய்ன், இன்டர்ன், கன்ஃபைன் என்று ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதானே? கம்பீரமாக இருக்கிறதே என்று என் ஆங்கிலக் கட்டுரைகளில் எல்லா இடத்திலும் ‘இன்கார்சரேட்’ என்றே போடுகிறேன். இதில் என்ன தவறு?

பதில்: கம்பீரத்துக்காகச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறீர்களே, அதுதான் தவறு. நீங்கள் அடுக்கிய ஐந்துக்கும் பொருள் ஒன்றுதான் என்றால், அவற்றில் எதைப் போடுவது என்று அரசாங்கங்களும் வழக்கறிஞர்களும் இத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். அடைத்தவர் யார், விசாரணை நடந்ததா, அடைபட்டவருக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும், அல்லது மறைத்துவிடும்.

‘இன்கார்சரேட்’ என்பது சிறையைக் குறிக்கும் ‘கார்கெர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே சிறையோ அதற்கு நிகரான ஓர் இடமோ இல்லாமல் அதை எழுத முடியாது. ‘டீடெய்ன்’ அப்படியன்று. விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் சில மணி நேரம் உட்காரவைத்தாலும் அதுதான், ஆண்டுக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருந்தாலும் அதுதான். குற்றச்சாட்டு உண்டா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்காது என்பதால் அதிகாரிகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவான்டனாமோவில் 2002 ஜனவரி முதல் அடைக்கப்பட்டவர்களை அமெரிக்க அரசு ‘டீடெய்னி’ என்றே குறிப்பிட்டு வந்தது. ‘போர்க்கைதி’ என்று ஒப்புக்கொண்டிருந்தால், ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளுக்குத் தரும் பாதுகாப்புகளையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

‘இன்டர்ன்’ என்பதன் கதை இன்னும் சிக்கலானது. போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் குடிமக்களை விசாரணையின்றி முகாமில் வைப்பதற்கான சட்டச் சொல் அது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணையைத் தொடர்ந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரசாங்கமோ இதை ‘வெளியேற்றம்’ என்றும் முகாம்களை ‘மறுகுடியமர்வு மையங்கள்’ என்றும் எழுதியது. ஏதோ வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கூட்டிப்போனதைப் போல! பிற்காலத்தில் ‘இன்டர்ன்மென்ட்’ என்ற சொல் நிலைத்தது. சொந்தக் குடிமக்களை எதிரி நாட்டார் கணக்கில் சேர்க்கும் அந்தச் சொல்லும் பொருந்தாது என்று கூறி, வரலாற்றாசிரியர்கள் பலரும் அச்சமூகத்தின் அமைப்புகளும் இப்போது ‘இன்கார்சரேஷன்’ என்றே எழுதுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் அதற்குக் காரணம் கம்பீரம் இல்லை. 1944இல், வெளியேற மறுத்த கொரெமாட்சு என்பவரின் வழக்கில் இந்தச் சொற்போர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் அந்த முகாம்களை ‘கான்சென்ட்ரேஷன் கேம்ப்’ (வதைமுகாம்) என்று அழைப்பது நியாயமில்லை என்றார்; மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ராபர்ட்ஸ் அதே பெயரால்தான் அழைத்தார்.

‘கன்ஃபைன்’ மிக அகலமான சொல். நோய் ஒருவரைப் படுக்கையோடு கிடத்தினாலும் அதையே சொல்லலாம், காவலாளி தேவையில்லை. ஆனால் தனிமையைக் குறிக்கும் ‘சாலிட்டரி’ என்ற அடைமொழி முன்னால் வந்துவிட்டால் பொருள் இறுகிவிடும்: நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்துவைப்பது என்று கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் அதை வரையறுக்கின்றன. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் அது தடைசெய்யப்பட்ட தண்டனை.

இனி ‘இம்ப்ரிஸன்’. சிறை என்ற சொல்லே அதற்குள் இருந்தும், ஆங்கிலச் சட்டத்தில் அதற்குச் சிறைக்கட்டடம் தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ‘ஃபால்ஸ் இம்ப்ரிஸன்மென்ட்’ என்றால் போலிச் சிறை என்று எண்ணிவிடாதீர்கள். சட்டப்படியான காரணமின்றி ஒருவரை எந்தப் பக்கமும் நகரவிடாமல் செய்வது அது, நடுத்தெருவில் செய்தாலும் சரி. ‘எந்தப் பக்கமும்’ என்பது முக்கியம். லண்டனின் ஹாமர்ஸ்மித் பாலத்தில் படகுப் போட்டி பார்ப்பதற்காக நடைபாதையின் ஒரு பகுதியை அடைத்து இருக்கைகள் போட்டிருந்தார்கள். பேர்ட் என்பவர் வேலியேறி உள்ளே குதித்தார்; முன்னால் போகவிடாமல் காவலர்கள் தடுத்தார்கள், வந்த வழியே திரும்பிப் போகலாம் என்றார்கள். அவர் போகாமல் அரை மணி நேரம் முறுக்கிக்கொண்டு நின்றார். 1845இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர், ஒரு பக்கம் வழி திறந்திருந்ததால் அது ‘இம்ப்ரிஸன்மென்ட்’ ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மட்டும் உடன்படவில்லை. அந்த மனிதருக்கு நேர்ந்ததை நீங்கள் ‘இன்கார்சரேட்’ என்று எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாடவே எழுந்திருக்க வேண்டியதில்லை.