கடத்தல் படங்களில் கணவனும் மனைவியும்: கேள்வி பதில்

சென்ற சனிக்கிழமை மட்டக்களப்பில் எங்கள் திரைப்பட வட்டம் அகிரா குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்தைத் திரையிட்டது. அதன் பிறகு வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முடிவு என்னவென்று கேட்காதீர்கள். அதைவிட முக்கியமாக, கேள்விக்குள்ளேயே முடிவைப் போட்டு உடைக்காதீர்கள். திகில் படம் ஒன்றை முதல் தடவை பார்க்கும் வாய்ப்பு ஒரு மனிதருக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது.

ஆரையம்பதியிலிருந்து: கொண்டோவின் மனைவிக்குப் படத்தில் அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இதை எப்படித் தாம்பத்தியத்தைச் சோதிக்கும் படம் என்று அறிமுகம் செய்தீர்கள்?

அழுகிறாள் என்பது உண்மை. யாருடைய பிள்ளைக்காக அழுகிறாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொண்டோ ஒரு சப்பாத்துக் கம்பனியின் பணிப்பாளன். அந்தக் கம்பனியைத் தன் கைக்குள் கொண்டுவருவதற்காக வீடு உட்பட எல்லாவற்றையும் ஈடு வைத்து, ஐந்து கோடி யென்னுக்கான காசோலையை ஒசாகாவுக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறான். அந்த நேரத்தில்தான் மகனைக் கடத்திவிட்டதாகவும் மூன்று கோடி யென் வேண்டும் என்றும் தொலைபேசியில் ஒரு குரல் சொல்கிறது. கொண்டோ மறுபேச்சின்றிக் கொடுப்பதாகச் சொல்கிறான். சற்று நேரத்தில் மகன் வீட்டுக்குள் நடந்து வருகிறான். சிறுவர்கள் இருவரும் விளையாட்டு உடைகளை மாற்றிக்கொண்டிருந்ததால் தூக்கிச் செல்லப்பட்டவன் சாரதியின் மகன். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் கடத்தியவன் தொகையில் ஒரு யென்னைக்கூடக் குறைக்கவில்லை. குறைந்துபோனது கொண்டோவின் மனம்தான். மனைவி ரெய்கோ முதலில் சொன்னதையே இப்போதும் சொல்கிறாள்: கொடுத்துவிடுங்கள். அவள் வசதியில் பிறந்தவள், வறுமையைத் தாங்கமாட்டாள் என்று கணவன் வாதிடுகிறான். தாங்குவேன் என்கிறாள் அவள். பொலிஸார், சாரதி, கணவனின் உதவியாளன் ஆகிய இத்தனை பேர் நிற்கும் ஒரே வரவேற்பறையில் இந்தத் தர்க்கம் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவர்களுக்குத் தனியாகச் சண்டை பிடிக்கவும் ஓர் அறை கிடைக்கவில்லை. படத்தின் முதற்பாதியை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது இதற்காகத்தான்.

வாழைச்சேனையிலிருந்து: இந்த வகையில் மிகச் சிறந்த படம் எது?

மேலே சொன்னதுதான்.

கல்முனையிலிருந்து: பிள்ளை கடத்தப்பட்டால் முதலில் மனைவிக்குச் சொல்லாமல் கணவன் தனியாகச் சமாளிப்பதுதான் முறை என்பது என் கருத்து. மனைவி பதற்றப்பட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா?

உங்கள் கருத்தோடு முழுமையாக ஒத்துப்போகும் ஒரு கணவனை ஹிட்ச்கொக் 1956இல் படமாக்கியிருக்கிறார். ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ என்ற அந்தப் படம், அவரே 1934இல் எடுத்த படத்தின் மறு ஆக்கம். மொரோக்கோவுக்குச் சுற்றுலா வந்த ஓர் அமெரிக்க மருத்துவர், தங்கள் மகன் கடத்தப்பட்ட செய்தியை மனைவிக்கு முன்பாக அறிந்துகொள்கிறார். விடுதி அறைக்குத் திரும்பியதும் அவர் முதலில் செய்யும் காரியம் மருந்துப் பெட்டியைத் திறப்பது. அமைதிப்படுத்தும் மாத்திரைகளை எடுத்து நீட்டுகிறார். தனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறாள் மனைவி. இதை விழுங்கினால் ஒரு விடயம் சொல்கிறேன் என்று பேரம் பேசி விழுங்க வைக்கிறார். மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, அதன் பிறகுதான் மகனைப் பற்றிச் சொல்கிறார். அவள் எழுந்து ஓட முயல்கிறாள். அவர் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியும் இல்லை, ஒரு வில்லனும் இல்லை. ஆனாலும் முழுப் படத்திலும் எனக்கு மிகவும் அச்சமூட்டிய காட்சி அதுவே, ஏனெனில் அந்தக் கணவன் கெட்டவன் அல்லன். அவன் அன்பாகவே அதைச் செய்கிறான்.

காரியம் கெட்டுவிடும் என்று கேட்டீர்கள். லண்டனுக்கு வந்த பிறகு, அவர்களிடம் இருக்கும் ஒரே துப்பான ஒரு பெயரை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்து, மிருகங்களைப் பதப்படுத்தும் ஓர் அப்பாவியின் பட்டறையில் போய்க் கைகலப்பில் இறங்குபவர் கணவர்தான். அது ஆளல்ல, ஒரு தேவாலயம் என்று கண்டுபிடிப்பவள் மாத்திரை கொடுக்கப்பட்ட அந்த மனைவி. இதற்கு மேல் சொன்னால் என் வேண்டுகோளை நானே மீறியவன் ஆவேன்.

ஏறாவூரிலிருந்து: கப்பம் கேட்டவனின் தலைக்கே தந்தை விலை வைக்கும் படம் ஒன்று உண்டே?

‘ரான்சம்’ (1996). இதுவும் மறு ஆக்கம்தான். மூலப் படம் 1956இல் வந்தது. கணவனின் முடிவை மனைவி எதிர்க்கும் இடங்கள் வலுவானவை, மற்றவை சத்தம்.

காரைதீவிலிருந்து: ‘ரோஜா’ இந்தப் பட்டியலில் வராதா? அங்கும் கடத்தல் உண்டு, மனைவி போராடுகிறாள்.

வரும், ஓரத்தில். 1992இல் வந்த அந்தப் படத்தில் கணவன் கடத்தப்படும்போது அவர்கள் புதுமணத் தம்பதி. அக்காவைப் பெண் பார்க்க வந்தவன் தங்கையைக் கட்டிக்கொண்டான் என்ற கோபம் இப்போதுதான் அவளுக்கு ஆறியிருக்கிறது. சோதிக்கப்படுவதற்கு அங்கே பழைய தாம்பத்தியம் எதுவும் இல்லை. மொழி தெரியாத ஊரில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித்தான் அவள் அவனுடைய மனைவி ஆகிறாள். நல்ல கதை, ஆனால் நாம் பேசும் கதை அல்ல.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: பியர்ஸ் பிரொஸ்னன் நடித்த ‘பட்டர்ஃபிளை ஆன் எ வீல்’ (2007) படத்தில், கடைசியில்…

கேள்வியின் எஞ்சிய பகுதியை நான் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். பார்க்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: மகளைப் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவன் கணவனையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு, காசு கேட்காமல், அவர்கள் சேர்த்துவைத்ததையெல்லாம் அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்கிறான். மலையாளத்தில் ‘கொக்டெயில்’ (2010) என்று இதே கதையை எடுத்தார்கள். கடைசித் திருப்பம் பார்வையாளனை ஏமாற்றுகிறதா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்பது என் பதில். மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டாம் முறை பாருங்கள்.

ஓட்டமாவடியிலிருந்து: இந்த வகையில் பார்க்க வேண்டிய ஆகச் சிறந்த படத்தைச் சொல்லுங்கள்.

வாழைச்சேனைக்குச் சொன்ன பதில் பாலம் தாண்டி ஓட்டமாவடிக்கும் செல்லும்.

செங்கலடியிலிருந்து: ‘ஹை அண்ட் லோ’வின் பாதிப்பில் ஒரு திரைக்கதை எழுதுகிறேன். கதை நடப்பது மட்டக்களப்பில். கணவன் வீட்டை ஈடு வைத்துக் கப்பம் கட்டுவதா இல்லையா என்று தவிக்கிறான். ஏதோ ஒன்று இடிக்கிறது. என்னவென்று சொல்ல முடியுமா?

இடிப்பது வீடுதான், தம்பி. அது யாருடைய வீடு? நம் பகுதியில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். காணி உறுதி பெரும்பாலும் மனைவியின் பெயரில் இருக்கும், பக்கத்து வளவில் மாமனாரும் மாமியாரும் இருப்பார்கள், அடுத்த வளவில் அவளுடைய தங்கச்சி இருப்பாள். கொண்டோ யொகோஹாமாவில் தன் வீட்டைத் தானே ஈடு வைத்தான். உங்கள் கதாநாயகன் அப்படி வைக்க முடியாது. அவன் தவிக்க வேண்டியது கொடுப்பதா விடுவதா என்று அல்ல. கையெழுத்து வைக்கச் சொல்லி அவளிடம் எப்படிக் கேட்பது, எவ்வளவு உண்மையைச் சொல்லிக் கேட்பது என்பதைப் பற்றித்தான். கடத்தப்பட்டவன் அவனுடைய முதல் தாரத்தின் பிள்ளை என்றோ அவனுடைய தம்பி என்றோ வைத்துப் பாருங்கள். படம் தானாக ஓடத் தொடங்கும்.

நடைமுறை விடயம் ஒன்று: வீட்டை ஈடு வைத்து வங்கியில் காசு எடுப்பது ஓர் இரவில் நடக்கும் காரியம் அல்ல, உறுதியின் வரலாறு பார்ப்பார்கள், வரைபடம் கேட்பார்கள். அன்றைக்கே கையில் காசு வேண்டுமென்றால் நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். நகையும் அவளுடையது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மட்டக்களப்பில் வசிப்பவர்: மன்னிக்க வேண்டும் ஐயா. மனைவியின் பெயரில் காணி இருந்தாலும் கணவனின் சம்மதம் இன்றி அவள் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆகவே அதிகாரம் கணவனிடமும் இருக்கிறது. உங்கள் வாதம் தவறு.

நீங்கள் சொல்வது தேசவழமை. அது வடமாகாணத்துத் தமிழருக்கு உரிய சட்டம். அங்கே மனைவி தன் அசையாச் சொத்தை உயில் எழுதி வேண்டுமானால் விரும்பியவருக்குக் கொடுக்கலாம், மற்றப்படி கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. மட்டக்களப்புத் தமிழரை அது கட்டுப்படுத்தாது. இங்கே முன்னொரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது; இப்போது பொதுச் சட்டம்தான். மனைவி தனியாக நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைக்கலாம்.

அதே வாசகர்: சட்டம் எதுவாயினும் எந்த மனைவி கணவனைக் கேட்காமல் போவாள்? நடக்காத ஒன்றைத் திரைக்கதையில் எழுதச் சொல்கிறீர்கள்.

எல்லோரும் செய்யும் காரியத்தை எவரும் படமாக எடுப்பதில்லை. ஆனாலும் உங்கள் முதற் கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே கதை இரண்டு ஊர்களில் இரண்டு படங்களாகும் என்பதை அது காட்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கணவன் கொடுக்க மறுத்தால், மனைவியின் கையில் உறுதி இருந்தும் பயனில்லை. அவனைச் சம்மதிக்க வைப்பதே கதை. இங்கே அவள் விடியற்காலையில் உறுதியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டலாம். அவள் எங்கே போகிறாள் என்று கேட்கும் தைரியம் அவனுக்கு உண்டா என்பதே கதை. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: இந்தத் தர்க்கத்தில் ஒரு சொல். எங்கள் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்குத்தான். என் வாப்பா ‘உம்மாவின் வீட்டில் இருக்கிறேன்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்.

சரியாகச் சொன்னீர்கள். கரையோரம் முழுவதும் இதே வழக்கம்தான். செங்கலடித் தம்பி அந்த வாப்பாவின் வசனத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: கடத்தும் காட்சிக்கு வெள்ளை வானைப் பயன்படுத்தலாமா? உடனே பயம் வரும்.

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்கிறேன். கப்பப் படம் ஒன்றின் அடித்தளமே தொலைபேசி அழைப்புத்தான்: எடுத்தவனுக்கு ஏதோ வேண்டும், அதைச் சொல்வதற்காக அவன் அழைப்பான், ஆகவே பேரம் உண்டு, ஆகவே நம்பிக்கை உண்டு. நம் ஊரில் பிள்ளையையும் கணவனையும் வெள்ளை வானுக்குப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவே இல்லை. காணாமற்போனோருக்கான அலுவலகத்தை 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் உருவாக்கினார்கள். படிவங்களோடு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய கதையை எழுதுவதாயின் அதை மட்டும் எழுதுங்கள். திகிலுக்காக அந்த வாகனத்தின் நிறத்தைக் கடன் வாங்காதீர்கள்.

சித்தாண்டியிலிருந்து: குரோசாவாவின் புகையிரதக் காட்சியை நம் உதயதேவி வண்டியில் வைத்து எடுக்க முடியுமா?

படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த பதிலுக்குத் தாவுங்கள். அந்தக் காட்சியின் மூளை ஒரு யன்னல்: விரைவு வண்டியில் கழிப்பறை யன்னல் மட்டும் ஏழு சென்ரிமீற்றர் திறக்கும், ஆகவே காசுப் பை ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது என்று கடத்தியவன் முன்கூட்டியே நிபந்தனை போட்டிருப்பான். உதயதேவியில் கதவையே திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள். அங்கே புதிர் ஏது? வேண்டுமானால் கல்லடியைப் பாருங்கள். 1924ஆம் ஆண்டின் பழைய பாலமும் புதிய பாலமும் அருகருகே கிடக்கின்றன. ஒன்றில் நிற்பவனை மற்றதில் நின்று கவனிக்கலாம். கீழே தோணி போகும்.

திருக்கோவிலிலிருந்து: ‘ஃபார்கோ’ உண்மைக் கதை என்று தொடக்கத்திலேயே போடுகிறார்கள். அந்தக் கணவன் இப்போது சிறையில் இருக்கிறானா?

அப்படி ஒருவன் இல்லை. 1996இல் வந்த அந்தப் படத்தின் முதல் அட்டை இயக்குநர்களின் குறும்பு. உண்மைக் கதை என்ற அட்டையை எந்தத் திகில் படத்திலும் நம்பிவிடாதீர்கள். இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி வருகிறது. ஆனாலும் நம் தலைப்புக்கு அது தேவையான படம்: மாமனாரிடம் காசு கறப்பதற்காக ஒருவன் தன் மனைவியையே கடத்த ஆள் பிடிக்கிறான். கூலியாட்களிடம் கப்பம் எண்பதாயிரம் டொலர் என்கிறான், மாமனாரிடம் பத்து இலட்சம் என்கிறான். அவன் எவ்வளவு கடன்பட்டவன் என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

மூன்று வாசகர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து: படத்தை எங்கே இலவசமாகத் தரவிறக்கலாம்?

இங்கே அல்ல.

செங்கலடியிலிருந்து, மீண்டும்: ஐயா, நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதுகிறேன். கணவன் மனைவியிடம் கேட்கப் பயந்து, அவளுடைய கையெழுத்தைக் கள்ளமாக வைத்துவிட்டால்?

அவ்வளவு இலகுவாக வைக்க முடியாது என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். நம் நாட்டில் காணி உறுதியும் ஈட்டு உறுதியும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து அதுவே சட்டம். வீட்டில் இருந்து பேனையால் கிறுக்கிக் கொண்டுபோனால் எடுபடாது. மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் அந்தக் கதிரையில் போய் உட்கார வேண்டும், அவளைத் தெரியும் என்று சொல்ல ஆட்கள் வேண்டும். அந்தப் பெண் யார், அவனை அவளுக்கு எப்படித் தெரியும், இதைச் செய்ய அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்பதை முதலில் எழுதுங்கள். கடத்தியவனின் பெயரைப் பிறகு யோசிக்கலாம்.