சத்தம் தாங்காத காதுக்கு 40 சிட்டிங் நியூரோஃபீட்பேக்: பணம் கட்டலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக எனக்குச் சத்தம் ஆகவில்லை. தட்டில் கரண்டி உரசினால் காதுக்குள் குத்துகிறது. யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் அரை மணி நேரம் நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வாயைத் திறந்து மென்றால் அவரை அடித்துவிடலாமா என்று கோபம் வருகிறது, எழுந்து போய்விடுகிறேன். ஒரு நியூரோஃபீட்பேக் மையத்துக்குப் போனேன். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி மூளையை ‘மேப்’ எடுத்தார்கள், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சிவப்பாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார்கள். 40 சிட்டிங்கில் சரியாகிவிடுமாம். மொத்தப் பணத்தையும் இந்த வாரமே கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த வாரம் போகட்டும், தள்ளுபடியும் அதோடு போகட்டும். நியூரோஃபீட்பேக் (மூளையின் மின்னலையை அளந்து உடனுக்குடன் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்கும் பயிற்சி) பக்கமே தலைவைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். என்ன கோளாறு என்று யாரும் இன்னும் பார்க்காத நிலையில் 40 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. சாதாரண சத்தமே காதுக்குள் குத்துகிறது என்றால் அது ஹைப்பர்அக்யூசிஸ் வகை. மெல்லுவது, மூக்கை உறிஞ்சுவது, பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவது போன்ற குறிப்பிட்ட சத்தங்களுக்கு மட்டும் கோபமும் அருவருப்பும் வந்தால் அது மிசோஃபோனியா, அங்கே சத்தம் எவ்வளவு பெரியது என்பது கணக்கே இல்லை. கதவுச் சத்தத்துக்கு அரை மணி நேரம் படபடப்பு என்பதில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. இது தவிர ஒற்றைத் தலைவலி, தலையில் அடிபட்டது, முகவாதம், காது கேட்பது குறைந்திருப்பது என்று பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். சொந்தக் குரலே தலைக்குள் முழங்குகிறது, கண்ணை உருட்டினால்கூடக் காதில் கேட்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது உட்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேல் எலும்பில் விழுந்த இடைவெளியாக இருக்கலாம், 1998-இல்தான் மருத்துவர்கள் அதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். எலும்பில் ஓட்டை இருக்கும்போது மூளைக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், பிறகு ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத் திறனைச் சோதிக்கும் நிபுணர். சாதாரணக் கேட்புச் சோதனையோடு, எந்த அளவு ஒலியில் உங்களுக்குத் தாங்க முடியாமல் போகிறது என்று டெசிபலில் குறிக்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். சத்தம் எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று அளக்க, கல்ஃபா வினாத்தாள் என்று 14 கேள்வி கொண்ட ஒன்றும் இருக்கிறது, அதையும் நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். (சோதனை செய்பவரிடம் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: மெதுவாக ஏற்றுங்கள், நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள் என்று. சில காதுச் சோதனைகளே நல்ல சத்தமாக இருக்கும்.) இந்த இரண்டு எண்களும் இல்லாமல் எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், குணமானதா இல்லையா என்பதைப் பணம் வாங்கியவர்தான் உங்களுக்குச் சொல்வார்.

சரி, அந்தச் சிவப்பு மேப். 19 இடங்களில் மின்னலைகளை எடுத்து, டெல்டா, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்து, ‘இயல்பான’ ஆட்களின் சராசரியோடு ஒப்பிட்டு வண்ணம் பூசுகிறார்கள். 19 இடம், நான்கு அலை, மொத்தம் 76 எண்கள். சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (நூற்றில் சுமார் 95 பேர் அடங்கும் எல்லை) தள்ளிப் போனால் சிவப்பு என்று வைத்தால், ஒரு கோளாறும் இல்லாத ஆளுக்கே தற்செயலாக மூன்று நான்கு எண்கள் எல்லையைத் தாண்டத்தான் செய்யும். அதோடு, காதுக்கு மேலே இருபுறமும் என்றால் அது பல்லைக் கடிக்கும் தசை இருக்கும் இடம். மூளையலை மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும் மெல்லிய சமாச்சாரம், தசை கொஞ்சம் இறுகினாலே அதை முழுங்கிவிடும். சத்தத்துக்குப் பயந்தவர் புது இடத்தில் தலையில் ஒயரோடு உட்கார்ந்தால் பல்லைக் கடிக்காமல் என்ன செய்வார்? நம்பாவிட்டால் அடுத்த முறை போகும்போது, திரையில் அலை ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களே ஒரு தடவை பல்லை அழுத்திக் கடித்துப் பாருங்கள். கோடு எப்படிக் கிறுக்குகிறது என்று தெரியும். அதைப் பார்த்தும் அவர்கள் ‘தசையிலிருந்து வந்த மின் கலப்பை எப்படிக் கழித்தோம்’ என்று விளக்காவிட்டால் அந்த வண்ணப் படத்தை மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

இந்த முறையே டூப் என்று சொல்லிவிட முடியாது. 1960-களில் பாரி ஸ்டெர்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பூனைகளுக்கு 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலையைக் கூட்டப் பயிற்சி கொடுத்தார், பிறகு வேறொரு ஆராய்ச்சிக்காக அந்தப் பூனைகளுக்கு வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருள் ரசாயனத்தைக் கொடுத்தபோது, பயிற்சி பெற்றவை கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. பிளாசிபோ (சிகிச்சை கிடைக்கிறது என்ற நம்பிக்கையாலேயே தேறுவது) என்றால் என்னவென்று பூனைக்குத் தெரியாது இல்லையா, அதனால் அந்தக் கதைக்கு மரியாதை உண்டு. அங்கிருந்து மனிதர்களின் வலிப்பு, கவனக்குறைவு (ஏ.டி.எச்.டி.), தூக்கமின்மை என்று விரிந்தது. விரிந்த இடத்தில்தான் சிக்கல். கவனக்குறைவு உள்ள 144 குழந்தைகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நிஜப் பயிற்சி, மற்றவர்களுக்கு அதே மாதிரித் தெரியும் போலிப் பயிற்சி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 38 சிட்டிங். இரண்டு கூட்டமுமே நன்றாக முன்னேறின, ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் இல்லை. தூக்கமின்மைக்கு 2017-இல் வெளியான, இதே மாதிரி யாருக்கு எது என்று மறைத்து நடத்திய ஆய்விலும் அதே கதை. இவையெல்லாம் இந்தத் துறை ஆண்டுக்கணக்காக உழைத்த இடங்கள். சத்தம் தாங்காமைக்கு அந்த அளவு ஆய்வுகூட நடக்கவில்லை. ‘40 சிட்டிங்கில் சரியாகிவிடும்’ என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் காதிரைச்சலுக்கு (வெளியே ஒலி இல்லாமலே காதில் இரைவது) நடந்த சிறிய ஆய்வுகளையோ வாடிக்கையாளர் பாராட்டுக் கடிதங்களையோ நீட்டுவார்கள். ‘அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகாரம்’ (அந்த நாட்டின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) என்று அட்டை தொங்கினால் எதற்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். அங்கே இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சிக்கான பயோஃபீட்பேக் கருவி என்ற பட்டியலில்தான் வருகின்றன. உங்கள் காதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

நானும் ஒரு மையத்தில் ஆறு சிட்டிங் உட்கார்ந்தவன்தான், என் விஷயம் தூக்கம். முடியை விலக்கி, சொரசொரப்பான ஜெல்லால் தோலைத் தேய்த்து, பசை வைத்து எலெக்ட்ரோடு ஒட்டி, காது மடலில் கிளிப் மாட்டினார்கள். திரையில் ஒரு படகு. மூளை ‘சரியாக’ ஓடினால் படகு ஓடும், ஒவ்வொரு முறையும் ஒரு ‘டிங்’. அரை மணி நேரத்தில் எத்தனை டிங் என்று எண்ணவில்லை, ஆனால் சத்தம் ஆகாத ஒருவரை அந்த நாற்காலியில் நினைத்துப் பாருங்கள்! ஆகவே நீங்கள் எங்கே போனாலும் முதல் கேள்வி இது: ஒலியே இல்லாமல், திரையை மட்டும் வைத்து நடத்த முடியுமா? முடியும், பெரும்பாலான மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. அதை அவர்களாகவே சொல்லாமல் நீங்கள் கேட்ட பிறகுதான் தேடுகிறார்கள் என்றால், சத்தம் தாங்காதவர்களை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை என்று அர்த்தம். இன்னொன்று, என் மதிப்பெண் வாராவாரம் எப்போதும் 70 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பிறகுதான் தெரிந்தது, மூளை என்ன செய்தாலும் அத்தனை சதவீதம் பரிசு விழுகிற மாதிரி மென்பொருளே பரிசுக்கான எல்லையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. எல்லையை மென்பொருள் தானாக வைக்கிறதா, பயிற்சியாளர் வைக்கிறாரா என்று கேளுங்கள். தானாக வைத்தால் அந்தத் திரை மதிப்பெண்ணை முன்னேற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள். பசை முடியைவிட்டுப் போக இரண்டு தடவை தலைக்குக் குளிக்க வேண்டியிருந்தது, அது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் முயற்சி செய்துதான் பார்ப்பேன் என்றால் அது உங்கள் உரிமை, பெரிய ஆபத்தும் இல்லை. சிலருக்குத் தலைவலி, சோர்வு, எரிச்சல், அன்றிரவு தூக்கக் கலக்கம் வரும். வலிப்பு இருந்தாலோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிட்டிங் சிட்டிங்காகப் பணம் கொடுங்கள். பத்து முடிந்ததும், ஆடியாலஜிஸ்டிடம் எடுத்த அதே சோதனையையும் அதே வினாத்தாளையும் மறுபடி எடுங்கள், எண் நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். ‘பன்னிரண்டுக்கு மேல்தான் வேலை செய்யும், இருபதுக்கு மேல்தான் நிலைக்கும்’ என்று இழுப்பார்கள். நடத்துபவர் உளவியலிலோ மருத்துவத்திலோ படித்தவரா, கருவி விற்ற கம்பெனியின் வார இறுதிப் பயிற்சி மட்டும் பெற்றவரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அதே பணத்தை முதலில் எங்கே போடுவேன் என்று கேட்டால், ஹைப்பர்அக்யூசிஸ் என்றால் மெல்லிய ஒலியில் தொடங்கிப் படிப்படியாகக் காதைப் பழக்கும் ஒலிச் சிகிச்சையும், அதோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (சி.பி.டி., எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை). மிசோஃபோனியா என்றால் நேரே பின்னதற்கு. ஆம்ஸ்டர்டாமில் 54 பேரை வைத்து நடந்த ஆய்வில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 37 சதவீதத்தினர் தெளிவாகத் தேறினார்கள், வரிசையில் காத்திருந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. 37 என்பது பிரமாதமான எண் இல்லைதான். ஆனால் உங்களுக்குக் காட்டிய சிவப்பு மேப்புக்குப் பின்னால் அந்த மாதிரி ஓர் எண்கூட இல்லை.

கேள்வி: வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் ஹெட்பேண்டு வாங்கினால் மலிவாக முடியுமே?

பதில்: தியானத்துக்குத் துணையாக என்றால் வாங்கலாம். சிகிச்சை என்று நினைத்து வேண்டாம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் நாலைந்து சென்சார்தான் இருக்கும், கண் சிமிட்டினாலும் நெற்றியைச் சுருக்கினாலும் கணக்கு கெடும். அதிலும் சிலவற்றில் மனம் அலைந்தால் மழைச் சத்தம் கூடும், அடங்கினால் குறையும் என்று ஒலியை வைத்தே எல்லாம் நடக்கும், நம் பிரச்சினைக்கு நேர் எதிர். ஆப்புக்கு மாதச் சந்தா தனியா, பிரித்த பிறகு திருப்பி எடுப்பார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நாள் முழுக்க இயர் பிளக் போட்டுக்கொண்டே சமாளிக்கிறேன். நல்ல பிளக் எது?

பதில்: பிளக்கை மாற்றுவதைவிட நேரத்தைக் குறையுங்கள். காது நன்றாக இருப்பவர்களையே இரண்டு வாரம் பிளக் போட வைத்துப் பார்த்த ஆய்வில் அவர்களுக்குச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. டிரில் போடும் இடம், ஸ்பீக்கர் அலறும் மண்டபம், அங்கெல்லாம் போடுங்கள். அமைதியான அறையில் கழற்றிவிடுங்கள், ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: நான் ஏற்கெனவே 40-க்குக் கட்டி 12 முடித்துவிட்டேன். தூக்கம் நன்றாக வருகிறது, சத்தம் மட்டும் அப்படியேதான். மீதி 28-ஐ விடுவதா?

பதில்: தூக்கம் வந்தது சந்தோஷம்தான், வாரம் மூன்று நாள் ஒருவர் அரை மணி நேரம் அமைதியாக உட்கார வைத்தால் பலருக்கும் வரும். ஆனால் நீங்கள் கட்டியது சத்தத்துக்கு. கட்டிவிட்டோமே என்பதற்காக 28 நாள் போக்குவரத்தையும் சேர்த்து இழக்காதீர்கள். ரசீதையும் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்து, பாதியில் நின்றால் என்ன என்று அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிறகு பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை சிட்டிங் முடிந்தது, எது சரியாகும் என்று சொல்லி விற்றீர்கள், அது மாறவில்லை, மீதியைத் திருப்புங்கள், இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். ‘சரியாகிவிடும்’ என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள். பணத்துக்குப் பதில் வேறு ஒரு பேக்கேஜுக்கு மாற்றித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பணத்தையே கேளுங்கள்.