முத்திரை குத்தும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் கதையையும் தத்துவத்தையுமே பேசுகிறீர்கள். கதைக்கு நாவல் இருக்கிறது, தத்துவத்துக்குத் தத்துவ நூல்கள் இருக்கின்றன. விளையாட்டு விளையாட்டாக இருந்தால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டில் கதை என்று ஒரு வரிகூட இல்லை. சேர்த்திருந்தால் அது கெட்டுப்போயிருக்கும். ஆட்டத்தின் நடுவே கட்டுப்பாட்டை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாத்திரங்களைப் பிரசங்கம் செய்யவிடும் விளையாட்டுகளும் ஏராளம். அந்த இடங்களைப் பொத்தானை அழுத்தித் தாண்டிப்போகிறவன்தான் நானும்.

ஆனால் நாவலில் ஒருவன் தவறு செய்வதைப் பார்க்கிறோம், விளையாட்டில் அதை நாமே செய்கிறோம். 2015இல் வந்த 'சோமா'வில் (ஆடப்போகிறவர்கள் இப்பத்தியை விட்டுவிடலாம்) நாயகனின் மனம் வேறோர் உடலுக்குப் பிரதியெடுக்கப்படுகிறது. நாம் புதிய உடலில் கண்விழித்து, இடம்மாறிவிட்டதாக நிம்மதி கொள்ளும்போது, எதிர் நாற்காலியில் இருக்கும் பழைய உடல் ஏன் ஒன்றுமே நடக்கவில்லை என்று கேட்கிறது. அவன் மயங்கிய பிறகு, அவனை அப்படியே விட்டுச்செல்வதா, உயிரைப் போக்கிவிடுவதா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். 'நான்' என்பது எது என்ற பழைய கேள்வியைப் பலமுறை படித்திருக்கிறேன். அதற்கு விடைசொல்லியே தீரவேண்டிய நிலையில் நின்றது அன்றுதான்.

இதைவிட எளிய விளையாட்டு, லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் நாம் கடவுச்சீட்டு பரிசோதிக்கும் குமாஸ்தா. சரியாகச் சோதித்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. மாலையில் அந்தக் கூலியைக்கொண்டு வாடகை, உணவு, கணப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள், ஆவணங்கள் எல்லாம் சரியாக உள்ள ஒருவர் வருகிறார். அடுத்து வருவது தம் மனைவி, கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

இங்கே விதிமுறையைக் கவனியுங்கள். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, மூன்றாவதிலிருந்து அபராதம். அதாவது, இரக்கத்துக்கு அரசாங்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது, அந்த அளவை நம் கவனக்குறைவும் தின்றுகொண்டிருக்கிறது. இதை எந்தப் பாத்திரமும் வசனமாகச் சொல்வதில்லை. கணக்குப் போடும்போது நமக்கே உறைக்கிறது. தீமை பெரும்பாலும் வெறுப்பினால் அல்ல, வீட்டுச் செலவுக் கணக்கினால் நடக்கிறது என்று கட்டுரையில் வாசித்தால் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

அவள் வந்து நின்றபோது, அவசரத்தில் இரண்டு எச்சரிக்கைகளையும் நான் வாங்கி முடித்திருந்தேன். சிவப்பு முத்திரையைக் குத்தினேன். மறுமுறை ஆடியபோது, அன்று காலை முதலே ஒவ்வொரு தாளையும் இருமுறை பார்த்து, அவளுக்காக ஓர் எச்சரிக்கையை மிச்சம் வைத்திருந்தேன்.