கூரை மாற்றினால் கூட்டம் வருமா?

கேள்வி: பிரிட்டனின் சிறுநகரங்களில் 1960, 70களில் கட்டிய வணிக வளாகங்கள் பாதி காலியாகக் கிடக்கின்றன. பர்மிங்காமின் புல் ரிங் வணிக வளாகம் போலக் கண்ணாடிக் கூரை போட்டுப் புதுப்பித்தால் கூட்டம் தானாக வராதா?

பதில்: வராது. புல் ரிங்கைக் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 1964இல் திறந்த பழைய வளாகத்தை வட்டச் சாலை ஊரிலிருந்து துண்டித்துவிட்டது. நடந்து வருகிறவர் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அதை மெருகேற்றவில்லை, இடித்தார்கள். 2003இல் வந்த புதியதில், நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து செயின்ட் மார்ட்டின் தேவாலயம் வரை திறந்த நடைவழி விட்டார்கள். தவிர, அது பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம். உங்கள் சிறுநகரத்துக்கு அந்தக் கணக்கு ஒட்டாது.

சிறுநகரத்தின் நோய் பழைய கூரை அல்ல, தேவைக்கு மேல் கடை. வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரசபை அதை ஒப்புக்கொண்டது. காசில்கேட், வெலிங்டன் ஸ்கொயர் என்ற இரண்டு வளாகங்களையும் 2019இல் விலைக்கு வாங்கி, கடைகளை இரண்டாவதில் சேர்த்துவிட்டு, காசில்கேட்டை இடித்து ஆற்றங்கரைப் பூங்காவுக்கு இடம் விட்டது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கடைகளை இடம் மாற்றினார்கள், அப்புறம்தான் இடித்தார்கள். தலைகீழாகச் செய்தால் இருக்கிற வியாபாரியும் ஊரை விட்டுப் போவார்.

‘இடிக்காமல் மாடியை வீடாக்கலாமே?’ என்பீர்கள். ஆக்கலாம். கடைக்காகப் போட்ட தளம் வீட்டின் பாரத்தை அநேகமாகத் தாங்கும். தகராறு வெளிச்சத்தில். ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டருக்கு மேல் பகல் வெளிச்சம் உருப்படியாக எட்டாது. கடைத் தளமோ முப்பது நாற்பது மீட்டர் ஆழம். நடுவில் முற்றம் வெட்டியே ஆக வேண்டும். கழிப்பறைக் குழாய்களும் ஒரே மூலையில் இருக்கும்; ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக இறக்க, தளத்தைத் துளைக்க வேண்டும்.

எங்கே துளைப்பது என்பதற்கு முன் கான்கிரீட்டைப் பாருங்கள். புதிதாக உடைத்த முகத்தில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காற்றின் கரியமில வாயு ஏறிக் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தப் பட்டை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வரை போயிருந்தால், ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அதன்மேல் வண்ணமடிப்பது காசைக் கரியாக்குவது. அடுத்தது, புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ். அதை பிரிட்டன் முழுமையாகத் தடை செய்தது 1999இல்தான். எனவே அறுபதுகளின் கட்டடத்தில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஆய்வு செய்யுங்கள். உணவரங்கம், வண்ண விளக்கு எல்லாம் அப்புறம்.

இதற்கெல்லாம் முந்தியது குத்தகைப் பத்திரம். நிலம் நகரசபையுடையது, கட்டடம் நூறாண்டுக்கு மேற்பட்ட குத்தகையில் ஏதோ ஒரு முதலீட்டு நிறுவனத்திடம், அதற்குள் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி உள்குத்தகை என்று மூன்றடுக்காக இருப்பது அங்கே சகஜம். எந்தக் கடைக்கு எந்த ஆண்டில் தவணை முடிகிறது என்பதைத் தரைப்படத்தின் மேலேயே குறியுங்கள். இடிக்க நினைக்கும் பகுதியின் நட்டநடுவே ஒரே ஒரு செருப்புக்கடைக்கு இன்னும் பதினோரு ஆண்டு மிச்சமிருந்தால், பேரம் அந்தக் கடைக்காரரிடம்தான் தொடங்கும். கட்டடக் கலைஞரைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.